ஒண்ணுக்கு சிவப்பா போச்சுன்னா புரோட்டீன் டெஸ்ட்டைத் தேடாதீங்க

கொஞ்சம் நீளமான இழை. டீ, காபி எதாவது எடுத்துக்கிட்டு உக்காருங்க. கடைசி வரைக்கும் படிக்க நேரம் இல்லாதவங்க இதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க: வலியே இல்லாம ஒரே ஒரு தடவை ஒண்ணுக்கு சிவப்பா போயிருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டணும். அது தானா நின்னுபோயிருந்தாலும் காட்டணும்.

இனி விஷயத்துக்கு வர்றேன்.

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸ்ல வந்தார். சொந்த ஊர் வத்திராயிருப்பு பக்கம், வேலை திருப்பூர்ல. ஒரு செய்தியோட லிங்க் அனுப்பியிருந்தார். சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் புதுப் புரோட்டீனை விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு தலைப்பு. கூடவே ஒரு கேள்வி.

"சார், இந்த டெஸ்ட் மதுரையில எங்க எடுக்கலாம்? எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல. அப்பாவுக்கு எடுத்துப் பாத்துடலாம்னு இருக்கோம்."

அப்பாவுக்கு என்ன செய்யுதுன்னு கேட்டேன். அறுபது தாண்டினவர். தென்னந்தோப்பு வேலை. முப்பது வருஷத்துக்கு மேல பீடி. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு நாள் ஒண்ணுக்கு கருஞ்சிவப்பா போயிருக்கு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல. சூடு பிடிச்சிருக்குன்னு வீட்டுல இளநீர், வாழைத்தண்டு சாறு, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் குடுத்திருக்காங்க. மூணாவது நாள் நின்னுடுச்சு. கஷாயம்தான் கேட்டுச்சுன்னு விட்டுட்டாங்க. போன மாசம் திரும்ப ஒரு நாள் வந்திருக்கு.

தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். ஆள் தெரியாத அளவுக்கு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

அந்தத் தம்பி தப்பா எதுவும் செய்யல. அப்பா மேல அக்கறை உள்ள, படிச்ச பையன். என் கவலையே அதுதான். இவ்வளவு அக்கறை இருந்தும், செய்ய வேண்டிய பரிசோதனையை விட்டுட்டு இன்னும் கடைக்கே வராத ஒரு பரிசோதனையைத் தேடிக்கிட்டு இருக்கார். செய்தி எழுதினவங்க அவரை அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டாங்க.

நான் யூராலஜிஸ்ட் இல்ல. எம்பிபிஎஸ் படிச்ச அரசு டாக்டர். ஓபியில் நான் பாக்குறதையும், படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் வச்சுத்தான் சொல்றேன்.

முதல்ல அந்த செய்தியையே பாப்போம். எந்தப் புரோட்டீன்னு பேர் சொல்லப் போறதில்ல. பேர் வருஷா வருஷம் மாறும், செய்தி ஒரே மாதிரிதான் இருக்கும்.

நம்ம உடம்புல இருக்குற கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளயும் எல்லாப் புரோட்டீனுக்கும் செய்முறை எழுதி வச்சிருக்கு. அதுதான் ஜீன். அம்மாவோட சமையல் நோட்டு மாதிரி. நோட்டுல இருநூறு பதார்த்தம் இருந்தாலும் இன்னிக்கு அடுப்புல இருக்குறது ரசமும் அவரைக்காய்ப் பொரியலும்தான். எது இன்னிக்கு சமைக்கப்படுது, எவ்வளவு சமைக்கப்படுது - இதைத்தான் புரோட்டீன் எக்ஸ்பிரஷன்னு சொல்றாங்க. புற்றுநோய் செல் சில பதார்த்தங்களை அண்டா கணக்குல சமைக்கும், சிலதை அடியோட நிறுத்திடும். அந்த வித்தியாசத்தைப் பிடிச்சா நோயைப் பிடிச்சிடலாம்ங்கறதுதான் யோசனை. நல்ல யோசனைதான்.

எப்படிப் பாக்குறாங்க? சிறுநீர்ப்பையில் இருந்து எடுத்த கட்டித் துணுக்கை மெழுகுக்கட்டியில பதிய வச்சு, மெல்லிசா சீவி, கண்ணாடித் தகட்டுல ஒட்டுவாங்க. குறிப்பிட்ட புரோட்டீனை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்குற ஆன்டிபாடியை அது மேல விட்டு நிறம் ஏத்துவாங்க. புரோட்டீன் இருக்குற இடம் பழுப்பா மாறும். நோயியல் டாக்டர் மைக்ராஸ்கோப்ல உக்காந்து எத்தனை சதவீத செல் பழுப்பாச்சு, எவ்வளவு அழுத்தமா ஆச்சுன்னு எண்ணுவார். இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரின்னு பேரு.

நம்ம பக்கம் நெல்லு போடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். வேளாண்மைத் துறை குடுக்குற இலை வண்ண அட்டையை நினைச்சுக்கோங்க. இலையை அட்டையில வச்சு, பச்சை எந்த எண்ணோட ஒத்துப்போகுதுன்னு பாத்து யூரியா போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றோம். அதுலயே எத்தனை கண்டிஷன்! வெயில் நேரா விழக்கூடாது, நம்ம நிழல்ல வச்சுப் பாக்கணும். ஒரே ஆள்தான் கடைசி வரைக்கும் பாக்கணும். வெள்ளைப் பொன்னின்னா 3, மத்த ரகம்னா 4. ரகத்தை மாத்திட்டா எண்ணும் மாறிடுது.

திசுவுலயும் அதே கதைதான். ஒரு ஆய்வுக்கூடம் பத்து சதவீதம் செல் பழுப்பானா பாசிட்டிவ்னு வைக்கும், இன்னொண்ணு இருபதுன்னு வைக்கும். ஆன்டிபாடி கம்பெனி மாறினா நிறம் மாறும். துணுக்கை ஃபார்மலின்ல எத்தனை மணி நேரம் வச்சாங்கங்கறதுகூட முடிவை மாத்தும்.

இப்படி ஒரு அறுபது எழுபது நோயாளிகளோட பழைய துணுக்கை எடுத்து, ஒரு புரோட்டீனைப் பாத்து, மோசமான கட்டியில இது அதிகமா இருக்குன்னு காட்டி, கடைசி வரியில "இது ஒரு மார்க்கராக இருக்க வாய்ப்புண்டு"ன்னு முடிக்குற கட்டுரைகள் உலகம் பூரா வந்துகிட்டே இருக்கு. நம்ம ஊர் எம்.டி. நோயியல் மாணவர்களோட தீசிஸ்லயும் இந்த மாதிரி நிறைய உண்டு. இதை நான் கேலி பண்ணல. படிக்குற பிள்ளைங்க அப்படித்தான் கத்துக்கணும், பெரிய ஆராய்ச்சிக்கு விதையும் அங்கதான் விழுது. ஆனா "வாய்ப்புண்டு"ங்கற வார்த்தை பேப்பருக்கு வரும்போது "கண்டுபிடிப்பு" ஆகி, வாட்ஸ்அப்புக்கு வரும்போது "டெஸ்ட் வந்துடுச்சு" ஆயிடுது பாருங்க, அங்கதான் எனக்கு கோவம்.

"வாய்ப்புண்டு"ல இருந்து "பயன்படும்" வரைக்கும் எவ்வளவு தூரம்ங்கறதுக்கு ரெண்டு நிஜக் கதை சொல்றேன்.

பி53ன்னு ஒரு புரோட்டீன். 1979-ல கண்டுபிடிச்சது. செல் தறிகெட்டுப் பெருகாம பாத்துக்குற காவல்காரன். இந்த ஜீன் கெட்டுப்போனா, உருவாகுற கோணல் புரோட்டீன் சீக்கிரம் சிதையாம செல்லோட உட்கருவுலயே தேங்கி நிக்கும். அதனால திசுவை நிறம் ஏத்தினா நல்லா பழுப்பா தெரியும். 1994-ல அமெரிக்காவோட பெரிய மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. சிறுநீர்ப்பையை எடுத்த 243 பேரோட திசுவைப் பாத்தாங்க. பி53 தேங்கியிருந்தவங்களுக்கு நோய் திரும்ப வர்றதும் அதனால சாவதும் அதிகம்னு தெரிஞ்சுது. அறுபது எழுபது பேரை வச்சுப் பண்ணின சின்ன ஆய்வு இல்ல இது. எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க.

அடுத்து என்ன செய்யணும்? பி53 பாசிட்டிவ் ஆனவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ குடுத்தா பிழைக்குறாங்களான்னு பாக்கணும். பாத்தாங்க. 499 பேருக்கு பி53 சோதிச்சாங்க. 272 பேருக்கு பாசிட்டிவ். அதுல 114 பேர்தான் குலுக்கல் முறையில கீமோவுக்கோ கண்காணிப்புக்கோ ஒத்துக்கிட்டாங்க. 2011-ல முடிவு வந்துச்சு. கீமோ குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. அதைவிட பெரிய அடி என்னன்னா, யாருக்கு நோய் திரும்பும்னு அந்த 499 பேர்ல பி53-ஆல சொல்லவே முடியல. ஆட்கள் போதலை, ஆய்வுக்கு பலம் குறைஞ்சு போச்சுன்னு ஆய்வாளர்களே ஒத்துக்கிட்டாங்க. ஆனா 17 வருஷம் போயிடுச்சு.

இதுல இன்னொரு சங்கடமும் உண்டு. சில கட்டிகள்ல ஜீன் மொத்தமா உடைஞ்சு பி53 புரோட்டீனே உருவாகாது. அங்க திசு வெள்ளையா இருக்கும். நல்ல செல்லும் கிட்டத்தட்ட வெள்ளையாத்தான் தெரியும். அனுபவம் உள்ள நோயியல் டாக்டர் கண்ணுக்குத்தான் அந்த ரெண்டு வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். லேப் ரிப்போர்ட்ல "நெகட்டிவ்"னு ஒரே வார்த்தையைப் பாத்து சந்தோஷப்பட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

ரெண்டாவது கதை திசு இல்ல, மூத்திரம். என்எம்பி22-ன்னு ஒரு புரோட்டீன். செல் உட்கருவோட உள்கூட்டுல இருக்கும். புற்றுநோய் செல்கள் செத்து உதிரும்போது மூத்திரத்துல கலக்கும். இதைக் கண்டுபிடிக்க கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரியே ஒரு அட்டை இருக்கு. நாலு சொட்டு விட்டா அரை மணி நேரத்துல கோடு தெரியும். அமெரிக்க எஃப்டிஏ அனுமதி வாங்கின அட்டை. ஆக, அந்தத் தம்பி தேடுற மாதிரி ஒரு டெஸ்ட் ஏற்கெனவே உலகத்துல இருக்கு. அது எப்படி வேலை செஞ்சுதுன்னு பாருங்க.

2005-ல 1,331 பேர்கிட்ட சோதிச்சாங்க. எல்லாருமே மூத்திரத்துல ரத்தம், புகைப்பழக்கம்னு ஏதோ ஒரு காரணத்தால சந்தேக வளையத்துல இருந்தவங்க. எல்லாருக்கும் குழாய் விட்டும் பாத்தாங்க. அதுல 79 பேருக்கு சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருந்துச்சு. அட்டை பிடிச்சது 44 பேரை. மீதி 35 பேருக்கு "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிடுச்சு.

சரி, நோய் இல்லாதவங்க 1,252 பேர். அவங்கள்ல சுமார் 86 சதவீதம் பேருக்குத்தான் சரியா நெகட்டிவ் காட்டுச்சு. கணக்குப் போட்டா நோயே இல்லாத 180 பேர் அளவுக்கு "பாசிட்டிவ்". காரணம், கல்லு இருந்தாலும் கிருமித்தொற்று இருந்தாலும் செல் உதிரத்தானே செய்யும். அட்டைக்கு என்ன தெரியும்?

ஆக அட்டை பாசிட்டிவ் வந்த ஒவ்வொரு அஞ்சு பேர்லயும் நாலு பேருக்கு நோய் இல்ல. நிஜமா நோய் இருக்குற ஒவ்வொரு அஞ்சு பேர்லயும் ரெண்டு பேருக்கு மேல அட்டை கோட்டை விட்டுடுச்சு. பாசிட்டிவ் வந்தாலும் குழாய் விட்டுப் பாக்கணும். நெகட்டிவ் வந்தாலும், ரத்தம் போயிருந்தா, குழாய் விட்டுத்தான் பாக்கணும். அப்புறம் அட்டை எதுக்கு?

இதனாலதான் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ரத்தம் போனவங்களுக்கு மூத்திர மார்க்கரை நம்பி சிஸ்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம்னு யூராலஜி வழிகாட்டுதல்கள் சொல்றதில்ல. "கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்"னு மாஸ்டர் செக்கப்ல சேத்து விக்குறாங்களே, அந்த ரத்தப் பரிசோதனைகள் சிறுநீர்ப்பைக்கு இந்த அட்டை அளவுக்குக்கூட உதவாது.

இதைப் படிச்சுட்டு புரோட்டீன் பாக்குறதே வீண்னு நினைச்சுடாதீங்க. மார்பகப் புற்றுநோய்ல ஈஆர், பிஆர், ஹெர்-2 பாக்காம இன்னிக்கு சிகிச்சையே ஆரம்பிக்குறதில்ல. அது பரீட்சை எழுதி பாஸ் பண்ணின மார்க்கர். சிறுநீர்ப்பையிலயும் ஒரு கட்டி எங்க இருந்து கிளம்பிச்சுன்னு குழப்பம் வந்தா, ஜிஏடிஏ3 மாதிரி புரோட்டீன்களைப் பாத்து நோயியல் டாக்டர் முடிச்சை அவிழ்ப்பார். நெக்டின்-4-ங்கற புரோட்டீன் இந்தக் கட்டிகள்ல பெரும்பாலும் இருக்கறதால அதையே கதவாக்கி மருந்தை உள்ள அனுப்புற சிகிச்சை வந்திருக்கு. 2023-ல வந்த ஆய்வு முடிவுல, நோய் முத்தினவங்களோட சராசரி ஆயுள் பழைய கீமோவுல 16 மாசம்னா, இந்த மருந்தோட இம்யூனோதெரபியும் சேத்துக் குடுத்தப்போ 31 மாசத்தைத் தாண்டுச்சு. பெரிய முன்னேற்றம். வேடிக்கை என்னன்னா, அந்த மருந்தைக் குடுக்க நெக்டின்-4 எவ்வளவு இருக்குன்னு சோதிக்கத் தேவையே இல்ல. விலையோ நம்ம ஓபிக்கு வர்ற குடும்பங்களால நினைச்சுக்கூடப் பாக்க முடியாத விலை.

இதுக்கு நேர் எதிர் கதை பிடி-எல்1. அந்தப் புரோட்டீன் அதிகமா இருக்குறவங்களுக்கு இம்யூனோதெரபி கேக்கும்னு நம்பி, 2016-ல அமெரிக்காவுல ஒரு மருந்துக்கு அவசர அனுமதி குடுத்தாங்க. பெரிய ஆய்வு வந்தப்போ, பிடி-எல்1 அதிகம் இருந்தவங்க கீமோவுலயும் கிட்டத்தட்ட அதே அளவு வாழ்ந்தாங்க. 2021-ல கம்பெனியே அந்த அனுமதியைத் திருப்பிக் குடுத்துடுச்சு.

விஞ்ஞானிகள் விடாம தேடுறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. இந்த நோய் திரும்பத் திரும்ப வரும். கட்டியைச் சுரண்டி எடுத்துட்டா வேலை முடியாது. மூணாவது மாசம் திரும்பவும் குழாய் விட்டுப் பாக்கணும், அப்புறம் வருஷக்கணக்கா பாக்கணும். அந்த அவஸ்தையைக் குறைக்க ஒரு நல்ல மூத்திர டெஸ்ட் வந்தா முதல் ஆளா நான் கும்பிடுவேன்.

ஆனா வத்திராயிருப்புல இருந்துகிட்டு நான் கேக்குறது வேற. முதல் தடவையே ஆள் வந்து சேரலையே?

நம்மகிட்ட ஒரு பழைய மார்க்கர் இருக்கு. அதுவும் புரோட்டீன்தான். லேப் வேண்டாம், ஆன்டிபாடி வேண்டாம், காசு வேண்டாம். வெறும் கண்ணால பாத்தா தெரியும். ஹீமோகுளோபின். ரத்தத்துக்கு சிவப்பு குடுக்குற அதே புரோட்டீன் மூத்திரத்துல வந்து நிக்குது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயோட முதல் அறிகுறி பெரும்பாலானவங்களுக்கு இதுதான், அதுவும் வலி இல்லாம.

சிவப்பா போனவங்க எல்லாருக்கும் புற்றுநோய் இல்ல. கல்லு, தொற்று, புராஸ்டேட்னு காரணம் பல. ஆனா வயசானவங்களுக்கு கண்ணுக்குத் தெரியுற ரத்தம் போனா, யூராலஜி கிளினிக் கணக்குப்படி பத்துல ஒருத்தருக்காவது சிறுநீர்ப் பாதையில எங்கயோ புற்றுநோய் இருக்கு. இந்த அளவு துப்பு வேற எந்த அறிகுறி குடுக்குது சொல்லுங்க?

இந்த மார்க்கர்ல ஒரு சூழ்ச்சி இருக்கு. வரும், தானா நின்னுபோகும். மாசக்கணக்குல வராது. கட்டி மட்டும் உள்ள இருக்கும். அந்த இடைவெளியில நாம என்ன குடிச்சோமோ அதுக்குப் பெருமை போயிடும். வாழைத்தண்டுக்கும் போகும், மெடிக்கல்ல வாங்கின மாத்திரைக்கும் போகும், டாக்டர் எழுதின மருந்துக்கும் போகும்.

டாக்டர்னு சொன்னேன்ல, அதுல நானும் ஒருத்தன்.

வேற ஒரு மாவட்டத்துல நான் வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு பெரியவர் வந்தார். ஒண்ணுக்கு சிவப்பா போகுது, வலி இல்லன்னார். பீடி வாசம் எனக்கே அடிச்சுது. ஓபியில வரிசை வாசலைத் தாண்டி நிக்குது. மூத்திர டெஸ்ட்ல சீழ் செல் கொஞ்சம் இருந்துச்சு. தொற்றுன்னு எழுதி அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் குடுத்தேன். நிறைய தண்ணி குடிங்கய்யான்னு சொன்னேன். அஞ்சு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னேனா, இப்போ எனக்கு ஞாபகம் இல்ல.

ஒரு வருஷம் போல கழிச்சு வந்தார். ரத்தக்கட்டி அடைச்சு ஒண்ணுக்குப் போக முடியாம, அடிவயிறு குடம் மாதிரி வீங்கி, மகன் தோள்ல சாஞ்சு வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கட்டி சிறுநீர்ப்பையோட தசைக்குள்ள இறங்கியிருந்துச்சு.

அவர் என்னைத் திட்டல. மகன்கிட்ட என்னைக் காட்டி, "இந்த சார்தான் அன்னிக்கு மருந்து குடுத்தார், உடனே நின்னுச்சு"ன்னு நன்றியா சொன்னார். அந்த நன்றி இன்னும் எனக்கு ஜீரணிக்கல.

ஒரு வருஷத்துக்கு முன்னாடியே அனுப்பியிருந்தா தசையைத் தொடாமலே இருந்திருக்குமான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா பொதுக் கணக்கு இதுதான்: இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போது நாலுல மூணு பேருக்கு கட்டி இன்னும் தசைக்குள்ள போயிருக்காது. அந்த நிலையில கட்டியைச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டா சிறுநீர்ப்பைக்குள்ளயே பிசிஜி மருந்தை வாரம் ஒரு தடவையா ஆறு வாரம் விட்டு, பையைக் காப்பாத்தலாம். ஆமா, குழந்தை பிறந்ததும் தோள்ல போடுறோமே, அதே பிசிஜி கிருமிதான். கனடாவுல மொராலெஸ்னு ஒரு டாக்டர் 1976-ல ஒன்பது பேர்கிட்ட பண்ணிப் பாத்து எழுதினது, இன்னிக்கும் முன்வரிசை சிகிச்சை. தசைக்குள்ள இறங்கிட்டா பேச்சே வேற: பையையே எடுக்கணும், இல்லன்னா கீமோவும் கதிர்வீச்சும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஆண்களைவிட அவங்களுக்கு இந்த நோய் குறைவா வரும், அதனாலேயே யாரும் சந்தேகப்படுறதில்ல. மாதவிடாய்னு ஒரு தடவை, நீர்க்கடுப்புன்னு நாலு தடவைன்னு போயி, லேட்டா கண்டுபிடிக்குறது உலகம் முழுக்க இருக்குற பிரச்சனை. மாதவிடாய் நின்ன அம்மாக்களே, உங்களுக்கு "சிவப்பா தெரிஞ்சுது"ன்னா அது எந்தப் பாதையில வருதுன்னு பாத்தே ஆகணும். சொல்ல வெக்கப்படாதீங்க.

இன்னொரு பழைய மார்க்கர், என்ன வேலை செய்யுறீங்கங்கற கேள்வி. 1895-ல ஜெர்மனியோட ஃப்ராங்க்ஃபர்ட்ல லுட்விக் ரேன்னு ஒரு அறுவை சிகிச்சை டாக்டர், ஃபுக்சின்ங்கற சிவப்புச் சாயம் தயாரிக்குற ஆலைத் தொழிலாளிகள்ல மூணு பேருக்கு சிறுநீர்ப்பையில கட்டி வந்ததைக் கவனிச்சு எழுதினார். சாயத் தயாரிப்புல புழங்குற சில அரோமேட்டிக் அமீன்கள்தான் குற்றவாளின்னு பின்னாடி உறுதியாச்சு. அந்த அமீன்களை வெளியேத்தற அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல தடை பண்ணுச்சு, 1990-களிலேயே இந்தியாவும் தடை போட்டுச்சு. எல்லாச் சாயமும் ஆபத்துன்னு அர்த்தம் இல்ல. ஆனா நம்ம பக்கத்துல இருந்து சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனவங்க உண்டு. டாக்டர்கிட்ட போகும்போது பழைய வேலையையும் சேத்துச் சொல்லுங்க.

பீடி, சிகரெட் புகையிலயும் அதே குடும்பத்து அமீன்கள் இருக்கு. நுரையீரல் வழியா ரத்தத்துல ஏறி, சிறுநீரகம் வடிகட்டி, மூத்திரத்தோட பையில மணிக்கணக்குல தேங்கி நிக்குது. புகை போறது நெஞ்சுக்கு, அடி வாங்குறது அடிவயிறு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ல பாதிக்குக் காரணம் புகைதான். இதைக் கேட்டா ஓபியில பீடி குடிக்குறவங்க பாதிப் பேர் சிரிக்குறாங்க. "இருமல் வரும்னு சொல்லுங்க டாக்டர், ஒண்ணுக்குக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம்?"

இப்போ நான் கேக்க நினைக்குற விஷயம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல ஆரம்பிச்சதுல இருந்து தன்னார்வலர் அக்காக்கள் வீடு வீடா போய் பிரஷர், சுகர் மாத்திரை குடுக்குறாங்க. அவங்க பாக்குற ஆட்கள்ல பெரும்பாலானவங்க நாப்பது தாண்டினவங்க. அந்த நோட்டுல ஒரே ஒரு கேள்வியைச் சேக்கணும்: "கடைசி ஆறு மாசத்துல ஒண்ணுக்கு சிவப்பா போச்சா?" ஆமான்னா, ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. அறிகுறியே இல்லாதவங்களுக்கு எல்லாம் மூத்திர டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீனிங் பண்ணச் சொல்லல. அதனால பலன் உண்டுன்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னு 2011-லயே அமெரிக்க நிபுணர் குழு சொல்லிடுச்சு. நான் கேக்குறது ஏற்கெனவே அறிகுறி வந்தும் வெளியே சொல்லாம இருக்குறவங்களைத் தேடுறது.

டாக்டர்கள் பக்கத்துலயும் ஒரு விதி வேணும். நெஞ்சு வலின்னு வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மூணு வகை மாத்திரையைக் குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்ல, "இதயம் காப்போம்"னு. அந்த மாதிரி, நாப்பது தாண்டினவருக்கு வலியில்லாம ரத்தம் போயிருந்தா ரெண்டாவது ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் எழுதக்கூடாது, யூராலஜிக்குத்தான் எழுதணும். ரத்தம் நீர்க்குற மாத்திரை சாப்பிடுறதால வந்திருக்கும்னு விடவும் கூடாது. மாத்திரை ரத்தத்தை அதிகப்படுத்தலாம், ஆனா கசியுறதுக்கு உள்ள ஒரு இடம் இருக்கான்னு பாக்கணும்ல? எனக்கு இப்படி ஒரு விதி அன்னிக்கு சுவத்துல ஒட்டியிருந்தா அந்தப் பெரியவரை அனுப்பியிருப்பேன்.

புதுப் புரோட்டீனுக்குச் செலவாகுற பணத்தை நிறுத்தச் சொல்லல. தாலுகா ஆஸ்பத்திரியில இருந்து யூராலஜி போற வழியைச் சரி பண்ண அதுல ஒரு துளி போதும்னு சொல்றேன். இங்க இருந்து மதுரைக்குப் போக ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வர்றவருக்கும் கூலி போகும். முதல் நாள் சீட்டு, ரெண்டாவது நாள் ஸ்கேன், மூணாவது நாள் குழாய்னு மூணு தடவை அலைஞ்சா பாதிப் பேர் நடுவுல நின்னுடுறாங்க. ஒரே நாள்ல முடிச்சு அனுப்புற ஏற்பாடு எந்த மார்க்கரைவிடவும் அதிக உயிரைக் காக்கும்ங்கறது என் அபிப்பிராயம். மாத்துக்கருத்து இருந்தா கீழ எழுதுங்க, பேசுவோம்.

"குழாய்"னா பயப்படுறவங்களுக்கு: மரத்துப்போற ஜெல்லை விட்டு, மெல்லிய கேமராக் குழாயை ஒண்ணுக்குப் போற வழியிலேயே உள்ள செலுத்துவாங்க. சில நிமிஷ வேலை. கத்தி வைக்குறது இல்ல. ஒண்ணு ரெண்டு நாள் எரிச்சல் இருக்கும், லேசா சிவக்கும். அவ்வளவுதான். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா குழாய் வேண்டாம்னு நினைக்காதீங்க. சின்னக் கட்டி, தட்டையான கட்டி எல்லாம் ஸ்கேன்ல தப்பிடும்.

கட்டியைச் சுரண்டி எடுத்தவங்க வீட்டுல, பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் டாக்டர்கிட்ட கேளுங்க: கட்டி எவ்வளவு ஆழம்? வீரியம் அதிகமா, குறைவா? அனுப்பின துணுக்குல தசை இருந்துச்சா? கடைசிக் கேள்வி முக்கியம். துணுக்குல தசையே இல்லன்னா, தசைக்குள்ள போயிருக்கா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது, திரும்பச் சுரண்ட வேண்டி வரலாம்.

காச நோய் மாத்திரை சாப்பிடுறவங்க பதற வேண்டாம், ரிஃபாம்பிசின் ஒண்ணுக்கை ஆரஞ்சு நிறமாக்கும். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும். சந்தேகம்னா பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில ஒரு சாதாரண மூத்திரப் பரிசோதனை போதும், ரத்தமா நிறமான்னு தெரிஞ்சிடும்.

திருப்பூர் தம்பிக்கு நான் அனுப்பின பதிலை அப்படியே போடுறேன்:

"தம்பி, அந்த டெஸ்ட் எங்கயும் இல்ல. இருந்தாலும் அப்பாவுக்கு வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே பாசிட்டிவ் வந்தாச்சு, நீங்க கண்ணால பாத்த சிவப்புதான் அது. காலையில எட்டு மணிக்கு ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க. வாங்கின மாத்திரை அட்டை, பழைய ஸ்கேன் எது இருந்தாலும் எடுத்துக்கோங்க. நான் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி யூராலஜிக்கு லெட்டர் தர்றேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் மறக்காதீங்க. டெஸ்ட்டுக்குன்னு எடுத்து வச்ச காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்."

நேத்து அப்பாவும் மகனும் வந்தாங்க. லெட்டர் குடுத்திருக்கேன், வர்ற வியாழக்கிழமை போறாங்க. வெளிய போகும்போது பெரியவர் திரும்பி நின்னு, "பீடியை இன்னியோட விடணுமா, மதுரை போயிட்டு வந்து விடலாமா சார்?"னு கேட்டார். இன்னியோடன்னு சொல்லியிருக்கேன். பாப்போம்.